கடற்கொள்ளையரைத் தேடிப் போன நீராவிக் கப்பல்கள்: ரோந்து என்ற பெயரில் நடந்தது என்ன?

கேள்வி இதுதான்: "பிரிட்டிஷ் காலத்தில் சிங்கப்பூர், போர்னியோ பக்கத்துக் கடல்களில் கொள்ளையை ஒழித்தது நீராவிப் போர்க்கப்பல்கள்தான் என்று படித்தேன். அவ்வளவு பெரிய கடலில் ஒன்றிரண்டு கப்பல்கள் ரோந்து சுற்றி என்ன சாதித்திருக்க முடியும்? உண்மையில் என்ன நடந்தது?"

நீராவிக் கப்பல் பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்தது, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தக் கப்பல்கள் யாரைத் தேடிப் போயின, யாரைக் கொள்ளையன் என்று எழுதிக்கொண்டன, சுட்டதற்கு என்ன பணம் வாங்கின என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் கதை முழுதாகப் புரியும். டயானா, நெமிசிஸ் என்ற இரண்டு கப்பல்களை வைத்துச் சொல்கிறேன். கடைசியில் புளூட்டோ என்ற மூன்றாவது கப்பலும் வரும்.

முதலில் அந்தக் கடலைப் புரிந்துகொள்ள வேண்டும். மலாக்கா நீரிணை, ரியாவ் தீவுகள், போர்னியோவின் மேற்குக் கரை எல்லாமே ஆழம் குறைந்த பகுதிகள். ஆயிரக்கணக்கான சிறு தீவுகள், அலையாத்திக் காடுகளுக்குள் வளைந்து போகும் கழிகள், மணல்திட்டு அடைத்த ஆற்று முகங்கள். காற்றும் சீராக இருக்காது. பருவக்காற்று மாறும் மாதங்களில் கடல் பல நாள் அசையாமல் கிடக்கும். அப்போது பாய்மரப் போர்க்கப்பல் எத்தனை பீரங்கி வைத்திருந்தாலும் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டியதுதான். கொள்ளைப் படகுகளோ துடுப்பு வலித்து ஓடுபவை. கப்பலைப் பார்த்ததும் காற்று வராத திசைக்கோ ஆழமில்லாத கழிக்குள்ளோ போய்விடுவார்கள். துரத்தும் கப்பல் தன் சிறு படகுகளை இறக்கி ஆட்களை அனுப்பினால், அங்கே கொள்ளையரின் ஆள்பலம்தான் மேலோங்கும்.

படகில் வந்தவர்களும் ஒரே கூட்டம் இல்லை. சிங்கப்பூருக்குப் பக்கத்திலேயே காலாங் போன்ற தீவுகளில், ரியாவ்-லிங்கா சுல்தானுக்குக் கட்டுப்பட்ட கடலோடிகள் இருந்தார்கள். தொலைவிலிருந்து வந்தவர்கள் இரண்டு கூட்டம்: இன்றைய பிலிப்பைன்ஸின் தெற்கே மிண்டானாவ் தீவைச் சேர்ந்த இரானுன் மக்கள், அதே பக்கத்துச் சூலு தீவுக்கூட்டத்துப் பலங்கிங்கி மக்கள். இவர்கள்தான் எல்லோரும் நடுங்கியவர்கள். பெரிய படகுக் கூட்டங்களாகக் கிளம்பி, போர்னியோவைச் சுற்றி, மலாய்க் கரை, சுமத்ரா, ஜாவா வரை வருவார்கள். ஆகஸ்டு முதல் அக்டோபர் வரை வீசும் காற்றுக்கு மலாய்க் கரையோரத்தில் கொள்ளையர் காற்று என்றே பெயர். சுமத்ராவின் கிழக்குக் கரையில் ரெத்தே என்ற இடத்தில் இரானுன்கள் ஊரே அமைத்து, அங்கிருந்தபடி வேட்டையாடினார்கள்.

அவர்கள் தேடி வந்தது முக்கியமாக மனிதர்களை. மீனவர்கள், வியாபாரப் படகுகளில் வந்தவர்கள், கரையோரக் கிராமத்துப் பெண்கள், குழந்தைகள் எல்லோரையும் பிடித்துச் சூலுவின் தலைநகரான ஜோலோவுக்குக் கொண்டுபோய் விற்றார்கள். அங்கே அவர்களுக்கு வேலை காத்திருந்தது. கடல் அட்டை எடுக்கவும், குகைகளில் பறவைக்கூடு சேர்க்கவும், முத்துச்சிப்பி மூழ்கி எடுக்கவும் ஆள் வேண்டும். இந்தச் சரக்கெல்லாம் சீனாவில் நல்ல விலைக்குப் போகும். அதை வாங்கிச் சீனாவுக்குக் கொண்டுபோய்த் தேயிலைக்கு மாற்றிக்கொண்டவர்களில் இந்தியாவிலிருந்து வந்த ஆங்கிலேய வியாபாரிகள் முக்கியமானவர்கள். பதிலுக்கு அவர்கள் ஜோலோவில் இறக்கியது துணி, அபின், துப்பாக்கி, வெடிமருந்து. லண்டனில் தேநீர் குடிக்கிறவர் எண்ணிக்கை கூடக்கூட சூலுவில் அடிமைகளுக்கான தேவையும் கூடியது. எந்த வியாபாரம் ஆள்பிடிப்பை வளர்த்ததோ, அதே வியாபாரத்தைக் காப்பாற்றத்தான் பிறகு போர்க்கப்பல் அனுப்பினார்கள். நீராவிக் கப்பலின் புகழைப் பாடும் பல பழைய நூல்களில் இந்தப் பக்கமே இருக்காது. அதனால்தான் இதை முதலிலேயே சொல்கிறேன்.

சரி, டயானாவுக்கு வருவோம். இந்தப் பெயரில் இரண்டு கப்பல்கள் உண்டு. முதல் டயானா கல்கத்தாவின் கிதர்பூரில் 1823ல் கட்டப்பட்ட சிறிய துடுப்புச் சக்கரக் கப்பல். 1824ல் தொடங்கிய முதல் பர்மியப் போரில் ஐராவதி ஆற்றில் அதை ஓட்டினார்கள். போருக்குப் போன முதல் நீராவிக் கப்பல்களில் அது ஒன்று. ஆற்றோட்டத்தையும் காற்றையும் எதிர்த்துப் போய், பர்மியரின் நீளமான போர்ப்படகுகளை அவற்றின் துடுப்புக்காரர்கள் களைத்துப்போகும் வரை துரத்தியது. இரண்டாவது டயானாவும் கல்கத்தாவில் கட்டப்பட்டதுதான். அது 1837ல் நீரிணைக் குடியேற்றங்களுக்கு, அதாவது பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் மூன்றுக்கும் காவலாக வந்து சேர்ந்தது.

இந்த ஒரு கப்பல் வருவதற்கே பல வருட இழுபறி நடந்தது. 1833ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் சீன வியாபார ஏகபோகம் போன பிறகு, நீரிணைக் குடியேற்றங்கள் கல்கத்தாவிலிருந்த கம்பெனியின் தலைமை நிர்வாகத்துக்கு வெறும் செலவாகத்தான் தெரிந்தன. சிங்கப்பூர் வரியில்லாத துறைமுகம். சுங்கமே கிடையாது. கொள்ளையரிடமிருந்து காப்பாற்றுங்கள் என்று வியாபாரிகள் மனுமேல் மனு போட்டார்கள். அதற்கு ஆகும் செலவைத் துறைமுக வரியாக வசூலிக்கலாமா என்று கல்கத்தா கேட்டதும் அதே வியாபாரிகள் கொதித்தெழுந்தார்கள். சட்டத்திலும் ஓட்டை இருந்தது. கடலில் நடந்த குற்றத்தை விசாரிக்கும் அதிகாரம் 1837 வரை நீரிணை நீதிமன்றத்துக்கு இல்லை. பிடித்த ஆளையும் சாட்சிகளையும் இந்தியாவுக்கு அனுப்ப வேண்டும். எந்தப் படகோட்டி தன் பிழைப்பை விட்டுவிட்டு வங்காளம் வரை சாட்சி சொல்லப் போவான்?

1836ல் ஆண்ட்ரோமகி என்ற பாய்மரப் போர்க்கப்பலில் கேப்டன் சாட்ஸும், நீரிணைக் குடியேற்ற நிர்வாகத்தின் சார்பில் போனம் என்ற அதிகாரியும் ரியாவ் பக்கம் போய்க் காலாங் கிராமங்களை எரித்தார்கள். வீட்டை எரித்தால் அடங்குவார்கள் என்ற எண்ணம். படகில் பிழைக்கிறவர்கள் படகிலேயே வேறு தீவுக்குப் போனார்கள்.

டயானாவின் கேப்டன் சாமுவேல் காங்கல்டன் ஸ்காட்லாந்துக்காரர். அதற்கு முன்பே பல ஆண்டுகள் இந்த நீரிணையில் பாய்மரக் கப்பல் ஓட்டிப் பழகியவர். ஒவ்வொரு கழியும் மணல்திட்டும் அவருக்குத் தெரியும். கொள்ளையருக்கும் அவரைத் தெரியும். மலாய் மாலுமிகளை வைத்துக்கொண்டு ஓட்டியதால் கரையோரச் செய்திகளும் அவர் காதுக்கு எட்டின. இந்த வேலையில் இயந்திரத்துக்குச் சமமான மதிப்பு இப்படிப்பட்ட பழக்கத்துக்கும் உண்டு என்பது என் கருத்து.

டயானாவின் பெயரை நிலைக்க வைத்தது 1838 மே 18 அன்று மலாய்த் தீபகற்பத்தின் கிழக்கே திரங்கானுக் கரைக்கு அப்பால் நடந்த சண்டை. ஆறு பெரிய இரானுன் படகுகள் ஒரு சீனச் சரக்குக் கப்பலைச் சூழ்ந்து தாக்கிக்கொண்டிருந்தன. டயானாவோடு வுல்ஃப் என்ற பாய்மரப் போர்க்கப்பலும் வந்தது. தொலைவில் கரும்புகையைப் பார்த்த இரானுன்கள், பாய்மரக் கப்பல் ஒன்று தீப்பிடித்து எரிகிறது என்று நினைத்தார்களாம். எரியும் கப்பல் என்றால் சுலபமான இரை. சீனக் கப்பலை விட்டுவிட்டு நேராக டயானாவை நோக்கிச் சுட்டுக்கொண்டே வந்தார்கள். அந்தக் கப்பலோ காற்றுக்கு எதிராக அவர்களை நோக்கி வந்தது. ஒவ்வொரு படகுக்கும் எதிரே நின்று சுட்டது, பின்னால் நகர்ந்தது, திரும்பியது, மறுபடி சுட்டது. இப்படி நகரும் கப்பலை அவர்கள் அதுவரை பார்த்ததே இல்லை. தப்பிப்பதற்கு அவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கற்ற வித்தை, எதிரியால் போக முடியாத திசையில் துடுப்புப் போடுவது. அப்படி ஒரு திசையே அன்று இல்லாமல் போனது.

இந்தச் செய்தியைச் சொன்னவர்கள் எல்லோரும் ஆங்கிலேயர்கள் என்பதை மறக்கக் கூடாது. ஆனாலும் சண்டை நடந்ததும் இரானுன்கள் படுதோல்வி அடைந்ததும் உண்மை. அதன் பிறகு சிங்கப்பூரை ஒட்டிய கடலில் பெரிய இரானுன் படகுக் கூட்டங்கள் துணிந்து வருவது குறைந்தது.

ரோந்து என்றதும் நாள் முழுக்கக் கடலைச் சுற்றி வருவதாகத்தான் நாம் நினைக்கிறோம். அந்தக் காலத்து நீராவிக் கப்பலால் அது முடியாது. எரிபொருள்தான் காரணம். அன்றைய இயந்திரங்கள் அழுத்தம் குறைந்த நீராவியில் ஓடுபவை, நிலக்கரியை விழுங்குபவை. கரி இங்கிலாந்திலிருந்தோ வங்காளத்திலிருந்தோ கப்பலில் வர வேண்டும். சில நாள் ஓடினால் கரிக்கிடங்கு காலி. கரி கிடைக்காதபோது விறகு எரித்தார்கள். விறகு வெட்டக் கரையில் ஆளிறக்க வேண்டும், அது கிடங்கில் அதிக இடத்தை அடைக்கும், சூடும் போதாது. அதனால் பல நாட்கள் அடுப்பை அணைத்துவிட்டுப் பாயை விரித்துத்தான் போவார்கள். செய்தி கிடைத்தால் மட்டும் அடுப்பைப் பற்றவைப்பார்கள்.

கொதிகலனில் ஊற்றுவது கடல் நீர். ஓட ஓட உப்புப் படியும். அடிக்கடி அந்தக் கொதிக்கும் உப்புத் தண்ணீரை வெளியேற்றிப் புதுத் தண்ணீர் விட வேண்டும். அதையும் மீறிப் படிந்ததைக் கப்பலை நிறுத்தி, கொதிகலன் ஆறிய பிறகு உள்ளே இறங்கிச் செதுக்கி எடுக்க வேண்டும். நிலநடுக்கோட்டு வெயிலில், அடுப்படியில் கரி தள்ளுகிறவர்களின் பாடு எப்படி இருந்திருக்கும் என்று கேப்டன்களின் அறிக்கைகளில் ஒரு வரி கூடக் கிடைப்பது அபூர்வம். கம்பெனிக் கப்பல்களில் அந்த வேலையின் பெரும்பகுதி ஆசிய மாலுமிகள் தலையில்தான் விழுந்தது.

ஆகவே நடைமுறையில் ரோந்து என்பது ஒரு ஆற்று முகத்தில் காத்திருப்பது, பாய்மரப் போர்க்கப்பலை இழுத்துக்கொண்டு போவது, ஆளுநரை பினாங்குக்கும் மலாக்காவுக்கும் கொண்டுபோய் விடுவது, கடிதம் சுமப்பது, நடுவில் ஒரு செய்தி வந்தால் பாய்ந்து போவது. புகையைக் கண்டு ஏமாறுவதும் ஒரு முறைதான் நடக்கும். அப்புறம் அதே புகை பல மைல் தூரத்திலிருந்தே எச்சரிக்கை கொடுத்துவிடும், படகுகள் கழிக்குள் ஒதுங்கிவிடும். கழிக்குள்ளேயே நுழையக்கூடிய கப்பல் வந்தபோதுதான் அடுத்த மாற்றம். அந்தக் கப்பல் நெமிசிஸ்.

நெமிசிஸை லிவர்பூலுக்கு எதிர்க்கரையில் உள்ள பர்க்கன்ஹெட்டில் ஜான் லேர்டின் பட்டறை 1839ல் கட்டி முடித்தது. முழுக்க இரும்பு. நீளம் 184 அடி, அகலம் 29 அடி. 60 குதிரைசக்தி இயந்திரங்கள் இரண்டு, சுழலும் மேடைமேல் 32 பவுண்டு பீரங்கிகள் இரண்டு. இத்தனை இருந்தும் அதற்குத் தேவைப்பட்ட ஆழம் சுமார் ஆறு அடிதான். அடிப்பாகம் ஏறக்குறையத் தட்டை. ஆழ்கடலில் பாய் விரிக்கும்போது கீழே இறக்கவும், ஆற்றுக்குள் நுழையும்போது மேலே தூக்கவும் நகரும் அடிப்பலகைகள் இருந்தன. உள்ளே தண்ணீர் புகாத தடுப்புச் சுவர்கள். ஓரிடத்தில் ஓட்டை விழுந்தாலும் முழுக் கப்பலும் மூழ்காது.

கிழக்கிந்தியக் கம்பெனியின் ரகசியக் குழு கட்டிய கப்பல் இது. ரஷ்யாவின் ஒடெசாவுக்குப் போவதாகக் கணக்குக் காட்டி 1840ல் இங்கிலாந்திலிருந்து கிளம்பியது. கேப்டன் வில்லியம் ஹால். நன்னம்பிக்கை முனையைச் சுற்றி வந்த முதல் இரும்புக் கப்பல் இதுதான். அங்கே புயலில் இரும்புத் தகடே பிளந்து, ஆப்பிரிக்கக் கரையில் நிறுத்திச் சரிசெய்துகொண்டு வந்தார்கள். அக்டோபரில் இலங்கையின் காலி துறைமுகத்தில் நின்று கரி ஏற்றியது. பிறகு பினாங்கு, சிங்கப்பூர் வழியாகச் சீனாவுக்குப் போய் அபின் போரில் அது செய்த நாசம் தனிக் கதை.

அந்தப் போர் முடிந்த பிறகு நெமிசிஸும் அதன் உடன்பிறப்பான ஃபிளெகத்தானும் மலாய், போர்னியோக் கடல்களுக்கு வந்தன. போர்னியோவில் அப்போது ஜேம்ஸ் புரூக் என்ற ஆங்கிலேயர் 1841 முதல் சரவாக்கின் ராஜாவாக இருந்தார். புருனை சுல்தானின் ஒப்புதலோடு கிடைத்த சிறு நிலப்பகுதி அது. அவருக்குச் சொந்தமாகப் பெரிய படை கிடையாது. ஆங்கிலேயக் கடற்படை கைகொடுத்தால்தான் நிலைக்க முடியும். கடற்படை வர வேண்டுமானால் கொள்ளையர் இருக்க வேண்டும். 1844 ஆகஸ்டில் கெப்பல் என்ற கடற்படைக் கேப்டன் ஃபிளெகத்தானோடு பத்தாங் லூப்பார் ஆற்றுக்குள் நுழைந்து பத்துசான் கோட்டையை அழித்தார். 1846 கடைசியில் லபுவான் தீவு ஆங்கிலேயர் கைக்குப் போனது. லபுவானை விரும்பியதற்கு நிலக்கரி முக்கியமான காரணம். சிங்கப்பூருக்கும் ஹாங்காங்குக்கும் நடுவில், கரி கிடைக்கும் ஒரு துறைமுகம்! நீராவிக் கப்பல் எங்கே போகிறதோ அங்கே அதற்குக் கரித்துறையும் வேண்டும் என்பதால், ரோந்து என்று தொடங்கியது நிலம் பிடிப்பதில் போய் நிற்பது அந்தக் காலத்தில் பல இடங்களில் நடந்தது.

1847 மே 30 அன்று புருனைக்கு அருகில் நெமிசிஸ் பதினொரு பலங்கிங்கிப் படகுகளைச் சந்தித்தது. புரூக்கும் கப்பலில் இருந்தார். படகுகள் கரையோரம் ஆழமில்லாத இடத்தில், முகப்புகளைக் கடலை நோக்கித் திருப்பி வரிசையாகக் கட்டிக்கொண்டு எதிர்த்தன. பல மணி நேரம் சண்டை. சில படகுகள் சிக்கின, சில தப்பின. அவற்றில் அடைபட்டுக் கிடந்தவர்கள் பலர் விடுதலையானார்கள். இந்த மாதிரிச் சண்டைகளை வெறும் ஏகாதிபத்திய வேஷம் என்று ஒதுக்க என்னால் முடியவில்லை. கையைக் கட்டித் துடுப்பில் உட்கார வைக்கப்பட்ட ஒரு ஜாவா மீனவனுக்கு அன்று அந்தப் பீரங்கிச் சத்தம் விடுதலைச் சத்தம்தான்.

ஆனால் இரண்டு ஆண்டு கழித்து நடந்தது வேறு விதம். 1849 ஜூலை 31 இரவு, சரவாக் கரையில் பெத்திங் மாராவ் என்ற மணல்திட்டுப் பக்கம். சரிபாஸ், ஸ்க்ராங் ஆறுகளைச் சேர்ந்த, போர்னியோவின் பழங்குடிகளான தயாக் மக்களின் படகுக் கூட்டம், ஏறத்தாழ நூறு படகுகள், வடக்கே கரையோர ஊர்களைத் தாக்கிவிட்டு வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. ஆற்று முகங்களை அடைத்துக்கொண்டு அல்பட்ராஸ், ராயலிஸ்ட் கப்பல்களின் படகுகளும், நெமிசிஸும், புரூக்கின் பக்கம் நின்ற மலாய், தயாக் ஆட்களின் பெரிய படகுப் படையும் காத்திருந்தன. தலைமை அல்பட்ராஸின் கேப்டன் ஃபார்குவார்.

இருட்டில் தயாக்குகள் சரிபாஸ் முகத்துக்கு வந்தபோது வழி அடைபட்டிருந்தது. திரும்பிக் கலாக்கா ஆற்றுப் பக்கம் ஓடப் பார்த்த படகுகளை நெமிசிஸ் துரத்தியது. பல குண்டுகள் சிதறும் வெடிகளை மிக அருகிலிருந்து சுட்டது. படகுகளுக்கு நடுவே புகுந்து போனபோது துடுப்புச் சக்கரங்களே படகையும் ஆளையும் நசுக்கின. பெத்திங் மாராவ் பற்றிப் படித்தவர்கள் யாராலும் அந்தச் சக்கரங்களை மறக்க முடியாது. நள்ளிரவு வரை நடந்தது. விடிந்தபோது கரையெங்கும் கைவிடப்பட்ட படகுகள், உடல்கள். தப்பியவர்கள் காட்டு வழியே வீடு போனார்கள். அடுத்த நாட்களில் ஆற்றுக்குள் போய் ஊர்களையும் எரித்தார்கள். ஆங்கிலேயர் பக்கத்து இழப்பு மிகமிகக் குறைவு.

இந்தத் தயாக்குகள் அப்பாவிகள் இல்லை. அண்டைக் கரையோர ஊர்களைத் தாக்குவதும் தலை எடுப்பதும் அவர்கள் வழக்கம். தாக்கப்பட்ட ஊர்க்காரர்களின் பயம் நிஜம். ஆனால் நெடுங்கடல் வியாபாரத்தை மறிக்கும் இரானுன்களோடு இவர்களை ஒரே தட்டில் வைக்க முடியுமா? ஆற்றுக்கும் ஆற்றுக்குமான பழைய பகை இது. அதில் ஒரு பக்கத்தோடு சேர்ந்துகொண்ட புரூக், மறு பக்கத்தைக் கடற்கொள்ளையர் என்று அழைத்தார். பிரிட்டிஷ் கடற்படை வருவதற்கு அந்தப் பெயர் தேவைப்பட்டது.

பணக் கணக்கும் உண்டு. 1825ல் போட்ட ஒரு சட்டப்படி, கடற்கொள்ளையனைப் பிடித்தாலோ சண்டையில் கொன்றாலோ தலைக்கு 20 பவுன் (பிரிட்டிஷ் பணமான பவுண்டு). மோதலின்போது கொள்ளைக் கப்பலில் இருந்த மற்ற ஒவ்வொருவருக்கும் 5 பவுன். பெத்திங் மாராவுக்காக ஃபார்குவாருக்கும் அவர் ஆட்களுக்கும் கிடைத்தது 20,700 பவுன். 500 பேர் கொல்லப்பட்டதாக வைத்து 10,000, மீதி 2,140 பேருக்கு 10,700. ஒரு மாலுமியின் மாதச் சம்பளம் ஒன்றிரண்டு பவுனாக இருந்த காலம் அது. எதிரே வரும் படகு யாருடையது என்று இருட்டில் நிதானிக்க வேண்டிய ஒரு கேப்டனுக்கு, கொள்ளையன் என்றால் பணம், மீனவன் என்றால் ஒன்றுமில்லை என்று சட்டமே சொல்லிவைத்திருந்தது. எந்த அதிகாரியையும் தனியாகக் குற்றம் சொல்வதைவிட, இப்படி ஒரு சட்டத்தை இருபத்தைந்து ஆண்டு வைத்திருந்த பாராளுமன்றத்தைக் கேட்பதுதான் நியாயம்.

கேட்கவும் செய்தார்கள். பாராளுமன்றத்தில் ஜோசஃப் ஹியூமும் ரிச்சர்ட் காப்டனும் இந்தச் சண்டையைப் படுகொலை என்று எழுப்பினார்கள். 1850ல் அந்தத் தலைப்பணச் சட்டம் நீக்கப்பட்டது. 1854ல் சிங்கப்பூரில் ஒரு விசாரணைக் குழு உட்கார்ந்தது. சரிபாஸ், ஸ்க்ராங் மக்கள் செய்தது கொள்ளைதான் என்றது குழு. புரூக் மீதான பெரிய குற்றச்சாட்டுகள் நிலைக்கவில்லை. ஆனாலும் அதன் பிறகு கடற்படை அவர் கூப்பிட்டதும் ஓடி வரவில்லை.

கொள்ளையன் என்ற பெயர் எப்படியெல்லாம் நீண்டது என்பதற்கு இன்னொரு உதாரணம் கெடா, நம் ராஜேந்திர சோழன் காலத்துக் கடாரம். 1821ல் சயாம், அதாவது இன்றைய தாய்லாந்து, அதைப் பிடித்துக்கொண்டது. சுல்தான் பினாங்கில் அகதி. 1838ல் அவர் உறவினர்கள் படை திரட்டிச் சொந்த நாட்டை மீட்டார்கள். சயாமோடு 1826ல் செய்த ஒப்பந்தத்துக்குக் கட்டுப்பட்டு, ஆங்கிலேயர் ஹயசின்த் போன்ற போர்க்கப்பல்களை அனுப்பிக் கெடாக் கரையை முற்றுகையிட்டார்கள். நாட்டை மீட்க வந்தவர்களின் படகுகளும் அப்போது கொள்ளைப் படகுகள் என்றே எழுதப்பட்டன. இன்னொரு பக்கம், சிங்கப்பூரின் மலாய்த் தலைவரான தெமங்கோங் (இது பட்டப்பெயர்) இப்ராகிமைப் பாருங்கள். கொள்ளையருக்குப் புரவலர் இவர்தான் என்று வியாபாரிகள் வருடக்கணக்கில் சந்தேகப்பட்டார்கள். 1846ல் கொள்ளையை அடக்க உதவியதற்காக ஆளுநர் பட்டர்வொர்த் அவருக்கே வாள் பரிசளித்தார். அவர் வம்சம்தான் இன்றைய ஜொகூர் சுல்தான் வம்சம்.

அப்படியானால் கொள்ளையை ஒழித்தது யார்? பெரும் ஆள்பிடிப்பை முறித்ததில் ஸ்பானியர் பங்கை ஆங்கில நூல்கள் குறைத்தே சொல்கின்றன. பிலிப்பைன்ஸ் ஆளுநர் கிளவேரியா இங்கிலாந்தில் மூன்று நீராவிக் கப்பல்கள் வாங்கி, 1848 பிப்ரவரியில் பலங்கிங்கித் தீவின் கோட்டைகளையே நேராகத் தாக்கி அழித்தார். தென்னைகளை வெட்டினார்கள், படகுகளை எரித்தார்கள், மக்களை ஊர் மாற்றினார்கள். மிகக் கொடூரமான தாக்குதல். 1860களின் தொடக்கத்தில் சிறிய நீராவிப் பீரங்கிப் படகுகளைச் சூலுக் கடலிலேயே நிறுத்தினார்கள். வேட்டைக்குப் போன படகைத் துரத்துவதைவிட, அது புறப்படும் வாசலில் நிற்பது பலித்தது. டச்சுக்காரர்களும் ரெத்தேயை 1858ல் தாக்கினார்கள். சீன வியாபாரமும் மாறிப்போனது. ஆட்களைப் பிடித்து விற்பதில் முன்போல் லாபம் இல்லை.

பழைய வேட்டையின் கடைசிப் பெரிய காட்சி 1862 மேயில். சரவாக்கின் சிறிய நீராவிக் கப்பலான ரெயின்போ, பிந்துலு, முக்கா பக்கத்தில் ஆறு இரானுன் படகுகளைச் சந்தித்தது. ராஜா புரூக்கின் சகோதரி மகனும் ஆங்கிலிக்கன் பிஷப் மெக்டூகலும் கப்பலில் இருந்தார்கள். கப்பல் படகுகளை முட்டியே மூழ்கடித்தது. மீட்கப்பட்டவர்கள் தென்கிழக்காசியாவின் பல கரைகளிலிருந்து பிடிபட்டவர்கள். பிஷப், தன் துப்பாக்கி எவ்வளவு நன்றாகச் சுட்டது என்று லண்டன் பத்திரிகைக்குக் கடிதம் எழுதி வாங்கிக் கட்டிக்கொண்டார்.

ஒரு கப்பல் என்ன சாதித்திருக்க முடியும் என்று கேட்டீர்கள். புளூட்டோவைப் பாருங்கள். 1867ல் நீரிணைக் குடியேற்றங்கள் இந்தியாவிலிருந்து பிரிந்து நேராக லண்டனின் கீழ் வந்த பிறகு, அவற்றின் அரசுக் கப்பல் அது. 1871ல் பினாங்கிலிருந்து கிளம்பிய ஒரு சீனக் கப்பல் கொள்ளையடிக்கப்பட்டது. தேடிப் போன புளூட்டோ அதை மலாய் நாடான சிலாங்கூரில் கண்டுபிடித்தது. பின்தொடர்ந்து ரினால்டோ என்ற போர்க்கப்பல் கோலா சிலாங்கூர்க் கோட்டையைச் சுட்டு நொறுக்கியது. மூன்று ஆண்டு கழித்து, 1874 ஜனவரி 20 அன்று, பங்கோர் தீவருகே அதே புளூட்டோவின் மேல்தளத்தில்தான் இன்னொரு மலாய் நாடான பேராக்கின் ஆட்சியாளர்கள் ஆங்கிலேய ஆலோசகரை ஏற்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். மலாய் நாடுகள் ஒவ்வொன்றாக ஆங்கிலேயர் பிடிக்குள் போகத் தொடங்கியது அங்கிருந்துதான். அந்த ஆட்சி திறந்த தோட்டங்களுக்குத்தான் தமிழ்நாட்டிலிருந்து லட்சக்கணக்கானவர்கள் கூலிகளாகக் கப்பலேறினார்கள்.

இதைப் பற்றி மேற்கொண்டு படிப்பதாக இருந்தால், கேப்டன்களின் அறிக்கைகளோடு நிறுத்திவிடாதீர்கள். படகில் என்ன இருந்தது என்று பாருங்கள்: கட்டுண்ட கைதிகளா, வெறும் அரிசியும் உப்புமா? சண்டைக்குப் பின் யாருக்குப் பணம் போனது என்று பாருங்கள். முக்கியமாக, மீட்கப்பட்ட கைதிகள் ஸ்பானிய, டச்சு, ஆங்கில அதிகாரிகளிடம் கொடுத்த வாக்குமூலங்களைத் தேடுங்கள். எந்த ஊர், எந்த மாதம், எந்தப் படகில் பிடித்தார்கள், எத்தனை முறை விற்றார்கள் என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள்.